ஆச்சி வீட்டில் கை வைக்குமுன்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். முகப்புக்குச் சாம்பல் நிற ஏசிபி ஷீட், பட்டாசலில் ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரத்தில் ஒளிந்து எரியும் எல்இடி பட்டை, டிவி மாட்டும் சுவரில் மட்டும் கல் ஒட்டு. எதுவும் அசிங்கமில்லை. ஆனால் அவற்றில் எது திருநெல்வேலி, எது திருப்பூர், எது துபாய் என்று உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. “பார்த்ததுமே நம்ம வீடு தனியாத் தெரியணும் மாமா” என்று எழுதியிருக்கிறாய். ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் இருப்பதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தனியாகத் தெரியவேண்டும் என்றால் எப்படி?

படிப்பு முடித்த கையோடு உனக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலை ஆச்சி வீடு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

வீட்டை ஒரு தடவை நினைத்துப் பார். அகலம் 16 அடி. நீளம் 90 அடிக்கு மேல். தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னல் வைக்க வழியே இல்லை. தார்சாவில் வெளிச்சம் உண்டு, புறவாசலில் உண்டு. நடுவில் பகல் பன்னிரண்டு மணிக்கும் சுவிட்சைத் தட்டியாக வேண்டும். இதுதான் அந்த வீட்டின் நோய். தெருவுக்குத் தெரிகிற 16 அடி முகப்பில் நீ எதை ஒட்டினாலும் இந்த நோய் தீராது. நம் வீட்டின் எலிவேஷனை மேலே மட்டப்பாவில் போய்த் தேடு.

இதே சிக்கலை ஒருவர் பத்து வருஷம் விடாமல் பிடித்துத் தீர்த்திருக்கிறார். கொழும்பில், 33ஆம் ஒழுங்கை, 11ஆம் எண் வீடு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்காகவே செய்துகொண்டது. 1958-ல் அங்கே வரிசையாக இருந்த நாலு சிறு வீடுகளில் மூன்றாவது வீடு முதலில் அவர் கைக்கு வந்தது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சின்னதாக ஒரு சமையலறை. பிறகு நாலாவது வந்தது. அதைச் சாப்பாட்டு அறையாகவும் இன்னொரு கூடமாகவும் மாற்றினார். 1968 வாக்கில் மீதி இரண்டும் சேர்ந்தன. முதல் வீட்டை மட்டும் இடித்து, அந்த இடத்தில் கோபுரம் போல மாடி எடுத்தார். மொத்தமாகப் பார்த்தால் ஒரே வீடு. வீடுகளைச் சேர்த்த தையல் இன்றைக்குப் போய்ப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வீட்டின் படங்களைப் பார்க்கும்போது நாற்காலியையும் சிலையையும் பார்க்காதே. அந்த நீளமான நடைவழியைப் பார். தரை, சுவர் எல்லாம் வெள்ளை. நிழலான வழியில் நடந்து போனால் தூரத்தில் மேலிருந்து ஒரு வெளிச்சம் விழுகிறது. அங்கே வானம் பார்த்த ஒரு சின்ன முற்றமும் தண்ணீரும் செடியும். கால் தானாக அங்கே போகிறது. போய்ச் சேர்ந்தால் திரும்புகிற இடத்தில் இன்னொன்று. வெளிச்சத்தை வீடு முழுக்க ஒரே மாதிரி நிரப்ப அவர் நினைக்கவே இல்லை. இருட்டையும் மிச்சம் வைத்தார். நம்மூர் போன்ற ஊர்களில் இருட்டுதான் குளிர்ச்சி. அதை முழுவதும் துரத்திவிட்டால் அப்புறம் ஏசி வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும்.

சில வருஷங்கள் கழித்து, அதற்கு நேர் எதிரான காரியம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் கெரி 1977-ல் சாண்டா மோனிகாவில் 1920களில் கட்டிய ஒரு சாதாரண மாடி வீட்டை வாங்கினார். அதை இடிக்கவில்லை. அதைச் சுற்றித் தகரத்தையும் பிளைவுட்டையும் வேலிக் கம்பிவலையையும் கொண்டு இன்னொரு வீட்டைப் போர்த்தினார். உள்ளே சில சுவர்களில் பூச்சை உரித்து மரச்சட்டத்தை வெளியே தெரிய விட்டார். சமையலறைத் தரைக்கு ரோட்டுக்குப் போடுகிற தார்! அக்கம்பக்கத்தார் கொதித்துப் போனார்கள். 2012-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அதே வீட்டுக்கு, இருபத்தைந்து ஆண்டு தாண்டியும் நிற்கும் கட்டடங்களுக்கான தன் விருதைக் கொடுத்தது.

ஒருவர் பழையதற்கும் புதியதற்கும் நடுவிலுள்ள தையலை மறைத்தார். இன்னொருவர் அதைச் சிவப்பு நூல் போட்டுத் தைத்தது போல எல்லார் கண்ணிலும் படும்படி காட்டினார். இரண்டு வீடும் பேர் வாங்கின. காரணம், இருவரும் முதலில் ஒரு முடிவு எடுத்தார்கள். வாசல் கைப்பிடி வரைக்கும் அந்த முடிவை விடவில்லை. நான் பார்த்தவரை நம் பக்கத்துப் புதுப்பிப்பு வேலைகள் கெட்டுப்போவது காசில்லாமலோ ரசனையில்லாமலோ அல்ல. தார்சாவுக்கு ஒரு முடிவு, பட்டாசலுக்கு வேறொரு முடிவு, மருமகன் துபாயிலிருந்து வந்ததும் மாடிக்கு மூன்றாவது ஒன்று. ஆச்சி வீட்டுக்கு ஒரே கேள்வியை வைத்துக்கொள்: நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எப்படி வரும்? நீ வாங்கப் போகிற ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வி முன்னால் நிறுத்து. ஃபால்ஸ் சீலிங் என்ன பதில் சொல்லும் என்று பார்!

இனி நேராக வேலைக்கு வருகிறேன்.

பட்டாசலுக்கும் ரெண்டாங்கட்டுக்கும் நடுவில் மட்டப்பாவை ஓரிடத்தில் திறக்கத்தான் வேண்டும். திறந்ததும் எல்லாரும் செய்வது, ஒரு பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு மூடுவது. வெளிச்சம் வரும், கூடவே சூடும் வந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சித்திரையில் அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்க முடியாது. திருநெல்வேலி கிட்டத்தட்ட 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும். பிறகு தெற்கே திரும்பி, மார்கழியில் உச்சியிலிருந்து 32 பாகை இறங்கும். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெயிலே இராது என்று உன் பாடப் புத்தகத்தில் இருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம்மூரில் வருஷத்தில் நாலரை மாதம் நண்பகல் வெயிலே வடக்குப் பக்கம்தான்.

ஆகவே திறப்புக்கு மேல் கண்ணாடியைப் படுக்க வைக்காதே. சுற்றுச்சுவரை இரண்டடி தூக்கி, அதன்மேல் ஒரு ஓட்டுக்கூரை போடு. நம் வீடு கிழக்குப் பார்த்தது. நீளம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. தூக்கிய கூரையின் நீளப்பக்கங்கள் வடக்கும் தெற்குமாக அமையும். அந்த இரண்டை மட்டும் திறந்துவிடு. காலை வெயிலும் மாலை வெயிலும் வரும் குட்டைப் பக்கங்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடு. இரண்டடித் திறப்புக்குக் கூரை ஒன்றரை அடி நீண்டிருந்தால், எந்த மாதமும் நண்பகல் வெயில் நேராக உள்ளே விழாது. வெளிச்சம் மட்டும் வரும். சூடான காற்று தானே மேலே ஏறி வெளியே போகும். போகப் போக தார்சா வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே இழுபடும். சாரலுக்குச் சாய்பலகை, கொசுவுக்கு வலை. தெற்கு வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டாராமே? அவர் சுவரில் நம் பக்கம் பார்த்த பாகத்துக்கு நாமே வெள்ளை அடித்துக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். அந்த வெள்ளைச் சுவர் நமக்கு ஓசியில் கிடைத்த விளக்கு.

எங்கே திறப்பது என்பதை வீடுதான் சொல்லும், உன் கம்ப்யூட்டர் அல்ல. மேலே பார்: சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் கட்டைகள், அதன்மேல் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கிய செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லிக் காரையும் தட்டோடும். எந்த உத்திரத்தையும் வெட்டாமல் இரண்டு உத்திரத்துக்கு நடுவில் திறப்பை அடக்கு. அறுபடும் கட்டைகளுக்குப் புதிதாக ஓர் இரும்பு பீமைத் தாங்கலாகக் கொடு. பொதுச்சுவரில் பக்கத்து வீட்டு உத்திரமும் தலை வைத்திருக்கும் என்பதை மறக்காதே. அதில் ஒரு கல்லை எடுக்குமுன் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடு. முட்டு கொடுக்காமல் எந்தச் சுவரையும் உடைக்க விடாதே. கொத்தனார் தட்டிப் பார்த்து “இது சும்மா தடுப்புச் சுவர்தாம்மா” என்பார். அவர் தட்டட்டும். நீ மட்டப்பாவில் ஏறி, அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு, ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் எழுதி வாங்கு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டப்பாவைத் தொடவே கூடாது. தைக்கு மேல் வைத்துக்கொள்.

அளவெடுப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். பழைய வீட்டில் ஒரு மூலைகூட மூலைமட்டத்துக்குச் சரியாக இராது. ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து எழுது. இல்லாவிட்டால் டைல்ஸ் போடுகிற அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்கல்லும் எதிர்ப்பக்கம் ஆப்பு மாதிரித் துண்டும் விழும். அளக்கிற சாக்கில் வீட்டில் இரண்டு நாள் தங்கு. காலை எட்டு, பன்னிரண்டு, நாலு மணிக்கு வெயில் விழுகிற இடத்தைச் சாக்கட்டியால் தரையில் கோடு போடு. ஆச்சி எங்கே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், ராத்திரி எழுந்தால் எதைப் பிடித்துக்கொண்டு புறவாசலுக்குப் போகிறாள் என்று பார். இப்போது பாத்ரூமுக்குப் போக அவள் இரண்டு நிலைப்படி தாண்டி, ஒரு படி இறங்க வேண்டும். உன் படங்கள் ஒன்றிலும் அந்தப் படி இல்லை.

பிரான்சில் போர்தோ என்று ஓர் ஊர். 1996-ல் அங்கே ஒரு சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரும்படி லக்காதோன், வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்களைக் கேட்டார்கள். அவர்கள் போய்ப் பார்த்தார்கள், அங்கே இருப்பவர்களோடு பேசினார்கள். பிறகு, இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளையை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், இன்னும் அடிக்கடி பெருக்குங்கள், போதும் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2021-ல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது அவர்களுக்குத்தான் போனது. ஆச்சி வீட்டுத் தார்சாவுக்கு நான் சொல்வதும் அதுதான். தூண்களில் அப்பியிருக்கும் பெயிண்டைச் சுரண்டு. திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணாதே. வேறெதுவும் வேண்டாம்.

சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். போன தடவை சிமெண்ட் வைத்துப் பூசினார்கள் இல்லையா, அதன் பலன். சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும்; பூச்சு வழியாக வெளியே விடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். அதன்மேல் கல் ஒட்டினால் வியாதியை மூடி வைத்த கதைதான். சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டு சுண்ணாம்பே பூசச் சொல். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கிடைக்கும்வரை பொறுத்திரு.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெட் ஆக்சைடு தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் மட்டம் உயரும், கதவுக்கு அடியில் அறுக்க வேண்டும், மாடிப்படியில் முதல் படி மட்டும் குட்டையாகும், ஆச்சி தடுக்குவாள். உள்ள தரையே நன்றாக இருக்கிறது. தேய்த்து மெருகேற்றினால் போதும். ஆனால் தெருவைப் பார். சுரண்டாமல் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, நாலு படி ஏறிப் போன வீடு இப்போது ஒரு படியில் நிற்கிறது. மழைத்தண்ணீர் வாசலில் நுழையாமலிருக்க என்ன ஏற்பாடு என்பது உன் வரைபடத்தில் முதல் தாளிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கதவு, தூண் எல்லாம் பழசாக வேண்டும் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகப் போவதாக அம்மா சொன்னாள். பாவாவும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இடிபட்ட வீடுகளின் துண்டுகளைத் தன் வீட்டில் வைத்தவர்தான். கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் பழைய கதவு, ஜன்னல்களை வாங்கிப் பயன்படுத்தினார். தப்பில்லை. ஆனால் உன் பட்ஜெட்டில் ரெண்டாங்கட்டுக் கதவைக் கழித்துக்கட்டிவிட்டு பிளஷ் டோர் என்று எழுதியிருக்கிறது. நம் கதவைக் கிலோ விலைக்குப் போட்டுவிட்டு, யார் வீட்டுக் கதவையோ லட்ச ரூபாய்க்கு வாங்கி வருவது என்ன கணக்கென்று எனக்குப் புரியவில்லை.

மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத் திட்டம் போடு. பூச்சை உரித்தால்தான் பழைய சுவர் வாயைத் திறக்கும். வாஸ்து பார்க்கிறவரை பெரியப்பா கூட்டிக்கொண்டு வருவார். சண்டைக்குப் போகாதே, நடுவீடு திறந்திருக்க வேண்டும் என்று அவரே சொல்ல வாய்ப்புண்டு.

அடுத்த முறை எனக்கு எலிவேஷன் அனுப்பாதே. வீட்டைத் தார்சாவிலிருந்து புறவாசல் வரை நெடுக வெட்டிய ஒரு செக்ஷன் போதும். தரைமட்டங்கள், உத்திரங்கள், சாக்கட்டியில் போட்ட வெயில் கோடுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். ரெண்டாங்கட்டுக் கதவை நிலையோடு கழற்றுகிற நாளில் ஆசாரி பக்கத்திலேயே நில். ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்பக்கம் எண் போட்டு வைக்கச் சொல். “எனக்கு நினைவிருக்கும்” என்பார், நீ விடாதே.

அன்புடன்,
மாமா