போலித் திசு வார்ப்பது எப்படி?

தோலுக்கு அடியில் இருப்பதை ஒளியால் படம்பிடிக்கும் கருவியை எடுத்த எடுப்பில் நோயாளிமேல் வைத்துப் பார்க்க முடியாது. எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரிந்த ஒரு பொருள்மேல் அதைச் சோதிக்க வேண்டும். அந்தப் பொருள்தான் ‘ஃபான்டம்’ எனும் போலித் திசு. அகர், இன்ட்ராலிபிட், இந்தியன் இங்க் மூன்றும் கிடைத்தால் வார்ப்பது எளிது. அதன் எண்களைச் சரியாக அறிவதுதான் பாடு.

முதலில் அலைநீளத்தைத் தீர்மானியுங்கள். 800 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மென்திசுக்களுக்கு நல்ல தொடக்க இலக்கு: குறைக்கப்பட்ட சிதறல் கெழு சென்டிமீட்டருக்கு 10, உறிஞ்சல் கெழு 0.1.

சிதறலுக்கு இன்ட்ராலிபிட். நரம்பு வழியே நோயாளிகளுக்கு ஏற்றும் கொழுப்புப் பால்மம் இது. 200 மி.லி. கலவையில் 20 சதவீத இன்ட்ராலிபிட் 10 மி.லி. சேர்த்தால் இலக்கை ஒட்டி வந்துவிடும்.

பலரும் சறுக்கும் இடம் இங்க். அது கரைசல் அல்ல, நீரில் மிதக்கும் கரித்துகள். ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். 1 சதவீத இருப்புக் கரைசல் செய்து, அதை மேலும் நூறு மடங்கு நீர்க்கவைத்து, 1 செ.மீ. குப்பியில் தண்ணீரோடு ஒப்பிட்டு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளவிடுங்கள். 0.2 என்று காட்டினால் அதுவே விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பத்தடி மடக்கை; இயல் மடக்கைக்கு மாற்ற 2.303 ஆல் பெருக்கினால் 0.46. அதிலும் சுமார் 15 சதவீதம் கரித்துகள்களின் சிதறல். கழித்தால் உறிஞ்சல் 0.39. அப்படியானால் இருப்புக் கரைசல் 39. தண்ணீரே 0.02 அளவுக்கு உறிஞ்சுவதால் இங்க் தரவேண்டியது 0.08தான். கணக்குப் போட்டால் 200 மி.லி.க்கு ஏறத்தாழ 0.41 மி.லி. போதும்.

இனி அடுப்பு வேலை. 2 கிராம் அகரைத் தண்ணீரில் போட்டு, கலங்கல் தெளியும்வரை கொதிக்கவிடுங்கள். ஆவியான தண்ணீரை ஈடுகட்டுங்கள். 60 டிகிரிக்கு ஆறியதும், வெதுவெதுப்பாக்கிய இன்ட்ராலிபிட்டையும் இங்க் கரைசலையும் ஊற்றி, நுரை எழாமல் மெதுவாகக் கிளறுங்கள். குளிர்ந்த இன்ட்ராலிபிட்டை ஊற்றினால் அகர் கட்டிதட்டும்.

கட்டியைப் போல் ஒன்றை உள்ளே வைக்க, இங்க்கை மட்டும் மூன்று மடங்காக்கித் தனியே சிறு துண்டு வார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் பாதி ஊற்றி, உறைந்ததும் துண்டை வைத்து, மீதியை 50 டிகிரியில் ஊற்றுங்கள். அகர் 40 டிகிரிக்குக் கீழே உறையும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அதனால் துண்டு கரையாது. இடையில் காற்றுக்குமிழி சிக்கினால் மட்டும் அந்த ஃபான்டத்தைத் தூக்கிப்போடுங்கள். படத்தில் அது கட்டியைவிடப் பளிச்சென்று தெரியும்.

கருவியைத் திருத்த ஒரு ஃபான்டம், தேர்வுக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஒன்றையே பயன்படுத்தினால் எந்தக் கருவியும் தேறிவிடும்.

ஆக்சிஜன் அளவைச் சோதிக்க இங்க் உதவாது. இரத்தத்தின் நிறமாலை அதற்கு இல்லை. இன்ட்ராலிபிட் திரவத்தில் இரத்தம் கலந்து, ஈஸ்ட் சேர்த்து ஆக்சிஜனை மெல்ல இறக்குவார்கள். இப்படிச் சோதிக்கும்போது தோல் நிறத்தையும் மறக்கவேண்டாம். பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

அகர் ஃபான்டம் சில நாட்களில் காய்ந்து எண்கள் மாறிவிடும். நெகிழித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மாதக்கணக்கில் தேவையென்றால் சிலிக்கோனில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்து வார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தூள் அடியில் படியக்கூடும். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று எனத் துண்டு வெட்டி இரண்டையும் அளந்துவிடுங்கள்.