காளையும் அரையரும்: ஒரே நாளில் வேண்டாம்

பொங்கல் சமயத்தில் மருங்காபுரிப் பக்கமிருந்து பிள்ளைகளோடு திருச்சிக்குக் கிளம்புவோருக்கு ஓர் ஆசை வரும்: பகலில் பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டு, இரவில் திருவரங்கத்து அரையர் சேவை. வைகுண்ட ஏகாதசி மார்கழிக் கடைசியில் வரும் ஆண்டுகளில், அரையர் சேவை நடக்கும் இராப்பத்து உற்சவம் பொங்கலைத் தொடும் என்பதால், முடியாத காரியமில்லை. ஆனால் ஜல்லிக்கட்டுக்கு விடியற்காலையிலேயே போனால்தான் மேடையில் இடம். வெயிலிலும் புழுதியிலும் வாடிய பிள்ளை, ஆயிரங்கால் மண்டபத்தில் தூங்கிவிடும். அரையர் சேவையோ அவசரத்தில் பிடிபடாது. குல்லாய் அணிந்து, கைத்தாளம் தட்டி, பாசுரத்தைப் பாடி அபிநயிப்பதை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

'இரண்டு முறை போனால் செலவாகாதா?' ஆகும்தான். அப்படியானால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிறு குழந்தை இருந்தால் திருவரங்கமே மேல். ஜல்லிக்கட்டுக்கே போவதானால், ஓடிவந்த காளைகளைப் பிடிக்கும் இடத்தருகே நிற்காதீர்கள். இரட்டைத் தடுப்பு இருந்தும் வேடிக்கை பார்ப்பவர்கள் அங்கேதான் அதிகம் குத்துப்படுகிறார்கள். 'அபிநயம் பிள்ளைகளுக்குப் புரியுமா?' என்றால், அன்றைய பாசுரத்தின் பொருளைப் பஸ்ஸிலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் கைகளின் அசைவைப் பார்த்துக் கதையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.