லோடரைக் கழற்றப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடற்கரைச் சாலையோரத் தென்னந்தோப்பில் சின்ன டிராக்டர் ஓட்டச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதில் மகிழ்ச்சி. முன்னால் லோடரை மாட்டியபடியே புல்லும் வெட்டுகிறாயாம். அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

லோடரின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்ததே, அதுபோன்ற நாட்களுக்குப் பிறகு மட்டையையும் மணலையும் அள்ள லோடர்தான் வேண்டும். மழை ஓய்ந்து புல் கிளம்பினால் கதை வேறு. லோடரின் பாரம் பெரும்பாலும் முன் அச்சில் விழுகிறது. ஈர மண்ணில் நீ வண்டியைத் திருப்பும் இடமெல்லாம் முன் டயர் பள்ளம் பறிக்கும். பக்கெட் முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால் மரத்தடியில் ஒட்டி வெட்ட முடியாது. கொஞ்சம் அசந்தால் இடிக்கும். தென்னையின் தண்டில் பட்ட காயம் மூடாது, தம்பி. சிவப்புக் கூன்வண்டு அந்த வழியாகத்தான் நுழையும்.

இதெல்லாம் தெரிந்தும் பலர் லோடரைக் கழற்றுவதில்லை. திரும்ப மாட்டுவது பெரும்பாடு என்ற பயம்தான் காரணம். அந்தப் பாட்டை உண்டாக்குவது மாட்டும் நேரம் அல்ல. கழற்றி வைத்த விதம். அதனால் கழற்றும்போதே மாட்டுவதை நினைத்துக்கொள்.

நம் பக்கம் மணல் பூமி. லோடரின் கால்களை வெறும் மணலில் ஊன்றினால் ஒரு மழையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். பிறகு துளைக்குத் துளை நேர்படாது, இணைப்பு ஆணி உள்ளே போகாது. கால்களுக்கும் பக்கெட்டுக்கும் அடியில் கனமான பலகை போடு. சமதளமாகப் பார்த்து வை. ஹோஸைப் பிரிக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, லோடர் லிவரை நாலு பக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கு. ஹோஸ்களுக்கு வண்ண டேப் சுற்றி அடையாளம் வை, கப்ளருக்கு மூடி போடு. நிழலில் வை: வெயிலில் கிடந்தால் உள்ளே எண்ணெய் சூடேறி விரிந்து, கப்ளர் சேரவே சேராது. உப்புக்காற்று சிலிண்டரின் பளபளப்பான தண்டைத் தின்னும். வெளியே தெரியும் தண்டுக்கு கிரீஸ் தடவு.

எண்ணெய்க் கசிவை ஒருபோதும் விரலால் தடவித் தேடாதே. அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பார்.

லோடர் போனதும் வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். பின்னால் கனமான புல்வெட்டி தொங்கினால் ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் நிற்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. குறைந்தால் முன் எடைக்கட்டைகளை மாட்டு.

உன்னுடையது மாதிரிச் சின்ன வண்டிகளின் பலமே ஒரே வண்டியில் பல கருவிகளை மாற்றி மாட்டுவதுதான். மாற்றாமல் ஓட்டினால் பாதி வண்டியைத்தான் பயன்படுத்துகிறாய்.

கழற்றும் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். உன் வண்டியின் கையேட்டைப் படி. நான் சொன்னதும் அதுவும் முரண்பட்டால் கையேடு சொல்வதையே கேள். வேலை நெருக்காத ஒரு காலையில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டிப் பழகு.

அன்புடன்,
உன் அண்ணன்