கப்பலால் இறங்குவோரை வன்னிக்குக் கூட்டி வரும் பிள்ளைகளுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் 2023 ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து செரியபாணி என்ற பயணிகள் கப்பல் வந்தது. 2024 ஆகஸ்ட் 16 முதல் அதே வழியில் சிவகங்கை என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பலால் இறங்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நல்லூரையும் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்துத் திரும்புவதுதான் வழக்கம். ஆனால் என் வானில் ஏறியவர்களில் சிலர், “ஐயா, வன்னியையும் பார்க்க ஏலுமோ?” என்று கேட்டிருக்கிறார்கள். போர் முடிந்து ஏ9 வீதி திறந்த நாளிலிருந்து அந்த வீதியில் வான் ஓடுகிறவன் நான். படித்ததை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறக்குறைய 85 கிலோமீற்றர். பரந்தன் சந்தியால் திரும்பி முல்லைத்தீவுக்குப் போனால் 130 மட்டில் வரும். சும்மா ஓடிப் போகவே மூன்று மணித்தியாலம். மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலில் ஐந்து மணிக்கே ஏறியிருக்க வேண்டும். கப்பல்காரரே ஒழுங்கு செய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்து நிற்கும். வெளியில் பிடித்த வானுக்காக அது நிற்காது. ஆகவே காலையிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள், ஐந்து மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதிலும் ஒரு மணித்தியாலத்தைக் கையிருப்பாக வையுங்கள். ஏ9இல் மாடு படுத்திருக்கும், ரயில் கடவை மூடியிருக்கும், ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டும். பத்து மணித்தியாலம் கரையில் நிற்கும் கப்பல் என்றால் ஆனையிறவு, கிளிநொச்சி, இரணைமடு மூன்றும் போதும். முல்லைத்தீவு கேட்டால் முல்லைத்தீவு மட்டும்தான். இரண்டையும் ஒரே நாளில் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. நேரத்தை அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். ஒருமுறை சென்னைக் குடும்பமொன்றை மத்தியானச் சாப்பாட்டுக்கு இறக்கிவிட்டு, “ஒன்றரைக்கு வெளிக்கிட வேணும்” என்றேன். தலையாட்டினார்கள். ஒன்றரைக்கு நான் வானை ஸ்டார்ட் பண்ணினால் அவர்கள் ஆறுதலாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள். வெளிக்கிடுதல் என்றால் புறப்படுதல் என்று அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் போனது. இரணைமடுவில் வானை விட்டு இறங்காமலே திருப்பினேன். அன்று தொட்டு, “ஒன்றரைக்குக் கிளம்புகிறோம்” என்று சொல்லி, கைக்கடிகாரத்தையும் தொட்டுக் காட்டுகிறேன். மொழி ஒன்றுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

3. கப்பல் வரும் காலமும் வன்னி வடிவாக இருக்கும் காலமும் ஒன்றல்ல. வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், கப்பல் ஓடாது. அப்போதுதான் குளங்கள் நிறையும், சுண்டிக்குளத்துக்குப் பூநாரைகள் இறங்கும். சோளகம் வீசும் வைகாசி தொடங்கி ஆவணி வரை கடல் விடும்; அப்போது வன்னி காய்ந்து கிடக்கும், புழுதி கண்ணை மறைக்கும். ஆகவே மார்கழியில் எடுத்த குளத்துப் படத்தைக் காட்டி ஆடியில் ஆள் பிடிக்காதீர்கள். ஆடிக்கும் தனி அழகு உண்டு. பாலைப்பழம் அப்போதுதான் கிடைக்கும். வீதியோரத்தில் விற்கும் பழத்தை வாங்கி ஆளுக்கு நாலைந்து கொடுங்கள். மஞ்சள் நிறச் சின்னப் பழம். தின்னத் தின்னத் தேன்போல் இனிக்கும், அதன் பால் உதட்டோடு உதட்டை ஒட்டும். சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்து மூடிச் சிரிக்கும் சிரிப்பை நான் பலமுறை கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போன பிறகும் அதைத்தான் சொல்லுவார்கள்.

4. இரணைமடுவைக் குளம் என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். கனகராயன் ஆறு எங்கிருந்து வருகிறது, அணைக்கட்டுக்குக் கீழே எந்த வாய்க்கால் எந்த ஊர் வயலுக்குப் போகிறது, மிச்சத் தண்ணீர் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய் விழுவது எப்படி என்பதைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்த ஆடியிலும் அணையின் ஒரு பக்கம் குளம் கிடக்கும், மறுபக்கம் சிறுபோகப் பயிர் நிற்கும். விருந்தாளியை நடு அணையில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்க விடுங்கள். அதற்குப் பிறகு அதிகம் கதைக்கத் தேவையில்லை.

5. தண்ணீர்ப் போத்தல், குடை, வயிற்றுக் குத்துக்கு மருந்து எல்லாம் வானில் இருக்கட்டும். துப்புரவான கழிப்பறை எங்கெங்கே உண்டென்று முன்னமே தெரிந்து வையுங்கள். பெண்கள் வாய் திறந்து கேட்கும்வரை காத்திராதீர்கள்.

6. வீதியை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்க விடாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி ஆண்டுக்கணக்காக அகற்றப்பட்டு வருகிறது. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் படம் எடுக்கவும் கிட்டப் போகக் கூடாது. “கொஞ்சத் தூரம்தானே” என்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

7. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவதென்றால் நடை திறந்திருக்கும் நேரம் கேட்டுப் போங்கள். மதுரையை எரித்த கண்ணகி வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை. சென்னைக்காரருக்கு இதைச் சொன்னால் முகம் மலரும். அவர்களுக்குத் தெரிந்த கண்ணகி கடல் தாண்டி இங்கே இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல், கடலில் தீர்த்தம் எடுத்தல், முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரித்தல் என்று வரிசையாக நடப்பதைச் சொல்லுங்கள். இதை நம்புங்கள் என்றும் சொல்லாதீர்கள், நம்பாதீர்கள் என்றும் சொல்லாதீர்கள். நாங்கள் செய்கிறோம் என்று சொல்லுங்கள்.

8. இப்போது கடினமானது. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஃபரா 3 என்ற ஜோர்தான் கப்பல் தரைதட்டியது. போர் முடிந்த பிறகு அந்தத் துருப்பிடித்த கப்பலைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. பதுங்கு குழியைப் பார்த்தார்கள், எரிந்த வாகனங்களுக்கு முன் நின்று படம் எடுத்தார்கள். அந்த நேரம் எங்கள் ஆட்களில் பலர் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமால் திரும்பித் தறப்பாளுக்குள் இருந்தார்கள். தன் வீட்டுச் சுவரின் முன் யாரோ சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை நீங்கள் எந்த நாளும் செய்யக் கூடாது, செய்ய விடவும் கூடாது.

முல்லைத்தீவு வீதி முள்ளிவாய்க்காலால்தான் போகிறது, வட்டுவாகல் பாலத்தால்தான் போகிறது. 2009 மே மாதம் சனம் கடைசியாகக் கடந்து வந்தது அந்தப் பாலத்தால். ஒளிக்க ஏலாது, ஒளிக்கவும் தேவையில்லை. அதை ஒரு காட்சியாக விலைப்பட்டியலில் போடாதீர்கள். கேட்டால் நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றே சொல்லுங்கள். தொகைகளைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். நினைவிடத்தில் இறங்கினால் வான் பாட்டை நிறுத்துங்கள், செருப்பைக் கழற்றுங்கள், பூ ஒன்று வையுங்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடி வரும் தாய்மாரைக் கேட்காமல் படம் எடுக்க விடாதீர்கள். விருந்தாளி பேச விரும்பினால் முதலில் நீங்கள் போய் அம்மாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

9. கூலியை ஏறும்போதே சொல்லுங்கள். கடைக்காரரிடம் தரகு வாங்கிக்கொண்டு ஆட்களை இறக்கும் பழக்கம் வேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் கருவாடு விற்கும் அக்காவிடம் நேரே வாங்கட்டும், அந்தக் காசு அந்த வீட்டு அடுப்புக்குப் போகட்டும்.

10. உரிமம் இல்லாமல் வழிகாட்டி என்று அட்டை அடிக்காதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, தல வழிகாட்டி என்று நான்கு வகையாகப் பதிகிறது. பிரதேச வழிகாட்டியாகப் பதிந்தாலே தொடங்கலாம். தங்கச்சிமாரும் பதியுங்கள். பெண் வழிகாட்டி இருந்தால் பல குடும்பங்கள் நிம்மதியாக வரும்.

அடுத்த கப்பலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானில் ஒருவரையும் ஏற்றாமல் காங்கேசன்துறைத் துறைமுக வாசலிலிருந்து இரணைமடு அணை வரை ஓடிப் போய்த் திரும்புங்கள். எங்கே எத்தனை நிமிடம் போனது என்று கொப்பியில் எழுதுங்கள். எழுதிய கொப்பியோடு என் வீட்டுக்கு வாருங்கள், இருந்து பார்ப்போம்.