சிடிடி1: ஒரே ஒரு முறைக்கான உரிமம்

கேள்வி: ஹெலிகேஸ் இழைகளைப் பிரிக்கிறது, பாலிமரேஸ் படியெடுக்கிறது என்று பாடநூல் சொல்கிறது. சிடிடி1 என்ற புரதத்துக்கு இதில் என்ன வேலை? (உயிர்வேதியியல் மாணவி)

பதில்: பாடநூல் கூறுவது நிகழ்ச்சியின் பின்பாதியை மட்டுமே. ஹெலிகேஸ் தானாக வந்து டிஎன்ஏவின் மீது ஏறிக்கொள்வதில்லை. செல் பிரிந்து முடிந்து அடுத்த படியெடுப்பு தொடங்குவதற்கு முன்னுள்ள ஜி1 கட்டத்தில், ஓஆர்சி என்னும் புரதக் கூட்டு டிஎன்ஏவின் தொடக்கப் புள்ளிகளில் அமர, சிடிசி6 அதனுடன் சேர்ந்துகொள்கிறது. எம்சிஎம்2 முதல் எம்சிஎம்7 வரையிலான ஆறு புரதங்கள் இணைந்து உருவாகும் வளையத்தை அங்கே கொண்டுவந்து, அது டிஎன்ஏவைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளச் செய்வதில் சிடிடி1 இன்றியமையாதது. இவ்வாறு எதிரெதிர்த் திசை நோக்கிய இரண்டு வளையங்கள் ஒவ்வொரு தொடக்கப் புள்ளியிலும் பொருத்தப்படுவதையே ‘உரிமம் வழங்குதல்’ என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். வளையங்கள் அப்போது இயங்குவதில்லை. படியெடுப்பு நடக்கும் எஸ் கட்டம் பிறந்து, சிடிகே, டிடிகே ஆகிய கைனேஸ் நொதிகள் செயல்படத் தொடங்கிய பிறகே, சிடிசி45, ஜின்ஸ் ஆகியவை வந்து சேர, அவை ஹெலிகேஸாக விழித்தெழுகின்றன.

ஒரு குரோமோசோமுக்குப் பல தொடக்கப் புள்ளிகள் எதற்கு என்று கேட்போர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மனிதனின் முதலாம் குரோமோசோம் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள் நீளமுடையது. இழைகள் பிரிந்து படியெடுக்கப்படும் இடமான கவை நிமிடத்துக்குச் சுமார் 2,000 இணைகள் நகர்வதாகக் கொண்டால், ஒரே புள்ளியிலிருந்து இரு திசையிலும் படியெடுத்து முடிக்க 40 நாட்களுக்கு மேலாகும். செல் அதைச் சுமார் 8 மணி நேரத்தில் முடிக்கிறது.

கேள்வி: சிடிடி1 அளவைக் கூட்ட உணவோ மாத்திரையோ உண்டா?

பதில்: இல்லை. உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். அன்றியும், இப்புரதம் மிகுவது விரும்பத்தக்கதே அன்று.

கேள்வி: வேலை முடிந்ததும் செல் சிடிடி1ஐ அழித்துவிடுகிறது என்று படிக்க நேர்ந்தது. அது வீண் செலவல்லவா? அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாமே? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ‘தொடங்கிவைக்கும் புரதம்’ என்ற அடைமொழியே இப்புரதத்தைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கெல்லாம் வேராக உள்ளது. தொடங்குவது செல்லுக்கு அரிய செயலன்று. ஒருமுறை தொடங்கிய இடத்தில் அதே சுற்றுக்குள் மீண்டும் தொடங்காமலிருப்பதே அரிது. பல்லாயிரம் தொடக்கப் புள்ளிகளுள் படியெடுக்கப்பட்டவை எவை, எஞ்சியவை எவை என்று எந்தப் பதிவேடும் இல்லாத நிலையில், ஒவ்வொரு பகுதியும் ஒருமுறைக்கு மேற்படாமல் படியெடுக்கப்படுவது எங்ஙனம்? 1988இல் ஜூலியன் புளோவும் ரான் லாஸ்கியும் ஜெனோபஸ் தவளையின் முட்டைச் சாற்றில் செய்த ஆய்வுகளிலிருந்து இதற்கு விடை காண முற்பட்டு, படியெடுப்புக்கு முன் வழங்கப்பட்டுப் படியெடுப்பின்போதே செலவாகிவிடும் ஓர் உரிமம் இருக்க வேண்டும் என்று கருதினர். உரிமம் வழங்கும் காலமும் அதைப் பயன்படுத்தும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பதே அதன் சாரம்.

மனிதச் செல் அந்தப் பிரிவினையைக் காக்கும் முறை மிகுந்த நுட்பமுடையது. படியெடுப்பு தொடங்கியதும் பாலிமரேஸை டிஎன்ஏவில் நழுவாமல் நிறுத்தும் பிசிஎன்ஏ என்னும் வளையம் இழையின் மீது ஏறுகிறது. சிடிடி1இன் முனைப்பகுதி அதே வளையத்தில் ஒட்டிக்கொள்ள, சிஆர்எல்4 என்னும் நொதிக்கூட்டு அங்கேயே அதன்மீது யுபிக்விட்டின் என்னும் அழிப்பு அடையாளத்தைப் பதிக்கிறது. படியெடுக்கும் செயலே உரிமம் வழங்கியவரை நீக்கிவிடுகிறது. எஸ்சிஎஃப் என்னும் இன்னொரு நொதிக்கூட்டு தனி வழியில் அதே பணியைச் செய்கிறது. எஞ்சிய சிடிடி1ஐ ஜெமினின் என்னும் புரதம் பற்றிக்கொண்டு, எம்சிஎம் வளையங்களை ஏற்றவிடாமல் தடுக்கிறது. செல் பிரியும் வேளையில் ஜெமினினும் அழிக்கப்பட, அடுத்த ஜி1 கட்டத்தில் வாயில் மீண்டும் திறக்கிறது.

இக்காவல் தளர்ந்தால் நேர்வதை ஆய்வகத்தில் காண முடிகிறது. சில புற்றுநோய்ச் செல்வகைகளில் ஜெமினினை நீக்கினால், அல்லது சிடிடி1ஐ மிகுதியாக்கினால், படியெடுத்த இடமே மறுபடியும் படியெடுக்கப்பட்டு, பின்வரும் கவை முன்செல்லும் கவையை எட்டிப் பிடிக்க, இழைகள் இரண்டும் முறிகின்றன. ஒரு புரதத்தை மீண்டும் உண்டாக்கும் செலவை இந்தச் சேதத்தோடு ஒப்பிட்டு ‘வீண்’ என்று சொல்வதற்கு இடமே இல்லை. எதையும் ஆக்குவதை மட்டும் உயிரின் வேலையாகவும், அழிப்பதைக் குறையாகவும் கற்பிக்கும் வழக்கம் வகுப்பறைகளிலிருந்து நீங்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு உயரம் குறைவு, காதுகள் சிறியவை, முழங்கால் சில்லுகள் இல்லை. பரிசோதனையில் சிடிடி1 மரபணுவின் இரு நகல்களிலும் மாற்றம் என்று வந்துள்ளது. கர்ப்ப காலத்தில் தாய் செய்த பிழை ஏதேனும் காரணமா? (ஒரு தந்தை)

பதில்: எந்தப் பிழையும் காரணமன்று, தாய் அந்தச் சுமையை உடனே இறக்கிவைக்க வேண்டும். இவை மூன்றும் மயர்-கோர்லின் நோய்க்குறித்தொகுப்பின் அடையாளங்கள். ஓஆர்சி1, சிடிசி6, சிடிடி1 முதலிய உரிமப் புரதங்களின் மரபணுக்களில் நேரும் மாற்றங்களே இதற்குக் காரணம் என்று 2011இல் தெரியவந்தது. பெற்றோர் இருவரும் தலா ஒரு மாறிய நகலை உடையவர்களாயினும், மற்றொரு நகல் சீராக இருப்பதால் நலமாகவே இருப்பர். இருவரிடமிருந்தும் மாறிய நகலே குழந்தைக்குச் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. இக்குழந்தைகளுள் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பாகவே உள்ளது என்பதைப் பெற்றோர் மட்டுமன்றிப் பள்ளியும் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் உருவம் சிறிதாயிருப்பதைக் கண்டு வயதுக்குக் குறைந்த பாடத்தைக் கொடுப்பது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதியாகும். முழங்காலை எலும்பியல் மருத்துவரும், பருவ வளர்ச்சியை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் பார்த்துவர வேண்டும். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும் முன் மரபியல் ஆலோசனை பெறுவது தகும்.

கேள்வி: ஃபுச்சி முறையில் செல்கள் சிவப்பாக ஒளிர்ந்தால், சிடிடி1 எம்சிஎம்ஐ ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (ஆய்வு மாணவர்)

பதில்: கூடாது. ஜப்பானில் அட்சுஷி மியாவாக்கி குழுவினர் 2008இல் வெளியிட்ட, செல் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை ஒளிரும் நிறத்தால் காட்டும் அந்த முறையில் ஒளிர்வது 546 அமினோ அமிலங்கள் கொண்ட முழுச் சிடிடி1 அன்று. 30 முதல் 120 வரையிலான துண்டு மட்டுமே. அதனால் எம்சிஎம்ஐ ஏற்றவியலாது. சிவப்பு நிறம், அத்துண்டை அழிக்கும் நொதி அப்போது ஓய்ந்திருப்பதை மட்டுமே காட்டுகிறது. உரிமம் வழங்கப்பட்டதா என்று அறிய விரும்புவோர், டிஎன்ஏவுடன் பிணையாத எம்சிஎம்ஐச் சோப்புக் கரைசலால் கழுவி நீக்கி, எஞ்சியதைச் செல் வாரியாக அளந்த பின்னரே எழுத வேண்டும்.