பழனி ஆய்வகத்தில் கடல் அமீபா வளர்ப்பது எப்படி?

பழனியில் கடல் கிடையாது. ஆனால் நல்ல கடல்நீர் ஒரு கேனும் நுண்ணோக்கியும் இருந்தால், கல்லூரி ஆய்வகத்திலேயே கடல் அமீபாக்களைத் தொகுத்து வைக்கலாம்.

1. மாதிரி எடுத்தல்: மண்டபம் கரையில் ஒதுங்கிய பாசியையும் மேல்மணலையும் சிறு குப்பியில் பாதியளவு எடுங்கள், மீதி காற்றுக்கு. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கை வைக்காதீர்கள். நாள், இடம், உப்பளவு மூன்றையும் அங்கேயே குறித்துவிடுங்கள். குப்பியை வெயிலில் காட்டக்கூடாது, ஐஸிலும் வைக்கக்கூடாது.

2. அகர் தட்டு: வடிகட்டிய கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி., அகர் 15 கிராம், மால்ட் சாறு 0.1 கிராம், ஈஸ்ட் சாறு 0.1 கிராம். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சற்று ஆறியதும் ஊற்றுங்கள். சத்தைக் கூட்டினால் பாக்டீரியா பெருகி அமீபாவை மூடிவிடும். கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். கடலின் மெக்னீசியமும் கால்சியமும் அதில் அதே விகிதத்தில் இருக்காது.

3. விதைத்தல்: மாதிரியில் ஒரு சொட்டு வைத்து, தட்டின் விளிம்பைப் பாராஃபிலிமால் சுற்றுங்கள். பழனி வெயிலில் சுற்றாமல் விட்டால் அகர் காய்ந்து உப்பு ஏறிவிடும். அமீபா கூடு கட்டும் அல்லது சாகும். 25 டிகிரி அளவில் வைப்பது நல்லது.

4. பிரித்தல்: சில நாளில் தட்டைக் கவிழ்த்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பாக்டீரியாவை மேய்ந்துகொண்டு நகரும் விளிம்பில், ஒரே அமீபா உள்ள அகர் துண்டை வெட்டி, ஈ.கோலை தடவிய புதுத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். ஈ.கோலை நோய் தராத ஆய்வக வகையாக இருக்கட்டும். பூஞ்சை போகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரே செல்லிலிருந்து வந்த கூட்டம் கிடைக்கும்வரை பெயர் சூட்டும் பேச்சே வேண்டாம்.

5. இனங்காணல்: கவர் ஸ்லிப்பின் கீழ் சிறிது நேரம் அடங்கவிட்டு, நகரும்போது பாருங்கள், நின்ற அமீபா எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். விசிறி போல விரிந்து, தெளிந்த முன்விளிம்போடு ஊர்ந்து, மிதக்கும்போது கதிர் நீட்டினால் வானெல்லா பேரினத்தை நினைக்கலாம். முன்பக்கம் திடீர் திடீரெனப் புடைத்து ஓடினால் வால்காம்ஃபியா வகை. உட்கருவை ஒட்டி இன்னொரு உருண்டை டாபி (DAPI) என்ற டி.என்.ஏ. சாயத்தில் ஒளிர்ந்தால் பாராமீபா. பண்ணைச் சால்மனின் செவுளைத் தாக்குவது இந்த வகைதான். குறைந்தது 25 செல்களை அளந்து, எஃப். சி. பேஜ் 1983-இல் வெளியிட்ட கடல் அமீபா நூலோடு ஒப்பிடுங்கள். இனத்தை உறுதிசெய்ய 18எஸ் மரபணு வரிசை வேண்டும்.

6. பாதுகாப்பு: தட்டில் அகாந்தமீபாவும் வளரலாம். அது கருவிழியைத் தாக்கும், கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள். பழைய தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்தபின்தான் தூக்கிப்போட வேண்டும்.

7. தொகுப்பு: பிரித்தெடுத்த ஒவ்வொரு அமீபாவுக்கும் இரண்டு தட்டுகள் வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். தட்டின்மேல் இனப்பெயரை எழுதாமல் எண்ணை எழுதுங்கள். பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். பிளாட்டியமீபா என்ற பேரினத்தை 2007-இல் வானெல்லாவோடு சேர்த்துவிட்டார்கள். இனிமேலும் பெயர்கள் மாறும். எண் போட்ட தட்டில் எதையும் அழித்தெழுத வேண்டியிராது.