கங்காவின் அம்மா என்ன செய்திருக்கலாம்?

கேள்வி: நாவல் என்றால் சோறு தண்ணீர் மறந்து படிக்கிறேன். ஆனால் முடித்தபின் யாராவது "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு. ஆனா யமுனாவை எனக்குப் பிடிக்கலை" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கம்தான் வருகிறது. பாத்திரங்களையும் கதைப்போக்கையும் யோசித்துப் படிக்க என்ன பழக்கம் வேண்டும்?

பதில்: முதலில், சோறு தண்ணீர் மறப்பதை விட்டுவிடாதீர்கள். நான் சொல்லப்போவது எதுவும் அதற்குப் பதில் அல்ல. முதல் தடவை படிக்கும்போதே வரிக்கு வரி கோடு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தால் நாவலும் வினாத்தாள் மாதிரிதான் நடந்துகொள்ளும். கதை இழுத்துக்கொண்டு போகட்டும். எங்காவது மனம் சட்டென்று நின்றால் மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். நூலகப் புத்தகமென்றால் ஒரு துண்டுக் காகிதம் போதும். எதற்காக நின்றோம் என்று அப்போதே எழுதவேண்டாம்.

இனி நோட்டு. கதைச்சுருக்கம் ஏன் வருகிறது? "பிறகு என்ன ஆயிற்று?" என்ற கேள்வியோடு உட்காருகிறீர்கள், அதனால் வருகிறது. ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகள் 1927-இல் புத்தகமாக வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது வேறு, ஒன்றினால் இன்னொன்று நடப்பது வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவினை சரிதான், ஆனால் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது மட்டும் போதாது. இன்னும் ஒரு படி இறங்கி இப்படிக் கேட்கச் சொல்வேன்: இந்த இடத்தில் தீர்மானம் எடுத்தது யார்? அவர் வேறு மாதிரி செய்திருந்தால் மீதிப் பக்கங்கள் நிற்குமா?

தமிழில் இதற்கு ஒரு பாடம் தயாராகவே இருக்கிறது. எழுதியவரே நமக்காகச் செய்துபார்த்த சோதனை அது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், காரில் வரும் இளைஞன், நடந்துவிடும் சம்பவம், அழுதுகொண்டே அவள் வீடு திரும்புவது. தாய் முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அந்த முற்றத்தோடு முடித்துவிடுகிறாள். கதையும் முடிந்துவிடுகிறது. வாசகர்களிடையே பெரிய வாக்குவாதம் கிளம்பியது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று கேட்டார்கள்.

ஜெயகாந்தன் அதற்கு நாவலாகவே பதில் எழுதினார். சரி, செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்பதுபோல. அதே மழை, அதே கார், அதே பெண். ஆனால் இந்தத் தடவை தாய் போடும் கூச்சலில் விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமாவின் தயவில் படித்து, உத்தியோகத்துக்குப் போய், ஊர் பார்வையில் கெட்டுப்போனவளாகவே வயதேறும் கங்கா அங்கிருந்துதான் பிறக்கிறாள். அந்த நாவல் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. முதல் கதையை எழுதிய எழுத்தாளராக ஆர்.கே.வி. என்றொருவர் நாவலுக்குள்ளேயே நடமாடுவது ஜெயகாந்தனின் குறும்பு.

சிறுகதையை முதலில் படியுங்கள், சில நாள் கழித்து நாவலை எடுங்கள். இரண்டுக்கும் ஒரே சம்பவம், ஒரே தொடக்கம். ஒரு தாய் அரை நிமிடத்தில் எடுத்த தீர்மானம்தான் ஒன்றைச் சில பக்கங்களில் முடிக்கிறது, இன்னொன்றை நாவலாக நீட்டுகிறது. கதைப்போக்கு என்று நாம் சொல்வது சம்பவங்களில் இல்லை, சம்பவத்துக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கும் விதத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடியை நான் பார்த்ததில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கங்காவின் வாழ்க்கையைத் திருப்பிய தீர்மானம் கங்காவுடையது அல்ல. கதாநாயகிதான் கதையை நடத்துகிறாள் என்று நினைத்துப் படித்தால் இது கண்ணில் படாது. ஆகவே நோட்டில் 'யார் முக்கியப் பாத்திரம்' என்று எழுதுவதோடு, 'யார் தீர்மானித்தார், யார் அனுபவித்தார்' என்றும் இரண்டு பெயர் எழுதுங்கள். பல நாவல்களில் அந்த இரண்டு பெயரும் வேறு வேறாக இருக்கும்.

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் விடை தராது. சில நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டாலும் மீதிக் கதை அப்படியே நிற்கும். உடனே அவற்றை வெட்டிச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். 'மோகமுள்' எழுதிய ஜானகிராமனின் கும்பகோணத்துத் தெருக்களையும் காவிரிக் கரையையும் எடுத்துவிட்டால் கதை நிற்கும், ஆனால் அதில் வாழ நமக்கு மனம் வராது.

ஜானகிராமன் என்றதும் உங்கள் யமுனாவுக்கு வந்துவிட்டோம். 'மோகமுள்'ளின் யமுனாவைப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். அது தப்பே இல்லை, நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் காபி குடித்துக் கிளம்பியதாக ஆகும். அடுத்த கேள்வி, யமுனாவை உங்களுக்குக் காட்டியது யார்? நாவல் முழுக்கப் பெரும்பாலும் கதாநாயகன் பாபுவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் நாம் பார்க்கிறோம். அவனைவிட வயதில் மூத்தவள், மராத்தியத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்ததால் வரன் வந்து வந்து தட்டிப்போகிறவள், வீட்டில் வசதி வற்றி வறுமை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அந்த வருஷங்கள் அவளுக்குள் எப்படி ஓடின என்று நமக்குக் கிடைப்பது, பாபு கண்டதும் கேட்டதும் மட்டுமே. அவன் உருகும்போது அவள் தேவதையாகத் தெரிகிறாள், அவன் அடிபடும்போது கல்நெஞ்சக்காரியாகத் தெரிகிறாள். உங்கள் கோபத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு பாபுவிடம் கடன் வாங்கியது?

இதைச் சோதிக்க ஒரு பயிற்சி உண்டு. யமுனா மறுத்துச் சொல்லும் ஒரு காட்சியை எடுத்து, அதையே அவள் பக்கம் நின்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இலக்கியமாக வரவேண்டியதில்லை. அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள், எதைச் சொல்லாமல் விட்டாள், இந்த மூன்றும் வந்தால் போதும். எழுதும்போது ஆதாரம் தேடி நாவலுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவீர்கள். அந்த ஓட்டம்தான் நீங்கள் கேட்ட 'யோசித்துப் படிப்பது'.

'அம்மா வந்தா'ளில் இது இன்னும் கடினம், அதனாலேயே இன்னும் சுவை. அலங்காரத்தம்மாளின் மனதை ஜானகிராமன் நமக்குத் திறந்து காட்டுவதில்லை. மகன் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பியதில் அவளுடைய பிராயச்சித்தக் கணக்கு ஒன்று இருப்பது தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத கணவர் தண்டபாணியின் மௌனம் தெரிகிறது. அவள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இப்படிப் பூட்டிய பாத்திரத்தை வலுக்கட்டாயமாக உடைத்து 'அவள் நல்லவளா கெட்டவளா' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அவளைச் சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் அவளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதை வைத்து அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அப்புவைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வீர்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் இத்தனை ஆழம் தேவையா என்றால், இல்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியான் கைத்தடியோடும் வைணவ வாதத்தோடும் எப்போதும் ஒரே ஆளாக வருவதைக் குறையாகச் சொல்கிறவர்கள், அது 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் அடுப்படி, ஆபீஸ் எல்லாம் பார்த்துவிட்டு இதழைப் பிரிப்பவருக்கு, கைத்தடியைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரியவேண்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு விழுவதும் அதனால்தான். இப்போது ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் விழுங்குவதால் அந்த முடிச்சுகள் சில இடத்தில் உறுத்தும். தினம் நாலைந்து அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு, கடைசி முடிச்சு எங்கே அவிழும் என்று ஊகித்துவிட்டுத் தூங்குங்கள்.

சரித்திர நாவல் படிக்கும்போது இன்னொரு குறுக்குவழியும் உண்டு. யார் கல்வெட்டிலிருந்து வந்தவர், யார் ஆசிரியரின் கற்பனை என்று பிரித்துப் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்தில் ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. குந்தவையும் வந்தியத்தேவனும் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறார்கள். நந்தினி எங்கும் இல்லை, அவள் கல்கியின் படைப்பு. அவளை ஏன் படைக்கவேண்டி வந்தது? பாண்டியரின் பழிவாங்கும் எண்ணம், பழுவூர் அரண்மனை, கரிகாலனின் உள்ளம் இந்த மூன்றும் வரலாற்றில் தனித்தனியாகக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே ஆள் வழியாகக் கட்டினால்தான் அரசியல் சதி நாவலாகும். ஆசிரியர் சொந்தமாகச் சேர்த்த பாத்திரத்தைக் கண்டுபிடித்தால் கதையின் மூட்டு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தட்டுப்படும். நந்தினியை எடுத்துவிட்டுக் கடம்பூர் மாளிகைக் காட்சிகளை மனதில் ஓட்டிப் பாருங்கள். பெரிய பழுவேட்டரையர் வெறும் கோபக்காரக் கிழவராகிவிடுவார்.

ரஷ்ய நாவல் எடுக்கும்போது பெயர்கள் பயமுறுத்தும். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' கையில் இருந்தால், கடைசி வெற்றுப் பக்கத்தில் ஒட்டு காகிதம் ஒன்று ஒட்டி, ரோடியன் ரோமனோவிச் ரஸ்கோல்னிகோவ் என்று எழுதி, பக்கத்தில் ரோத்யா என்று போட்டுக்கொள்ளுங்கள். அம்மா எப்படிக் கூப்பிடுகிறாள், விசாரணை அதிகாரி எப்படிக் கூப்பிடுகிறார் என்பதும் உறவின் நெருக்கத்தைச் சொல்லும். பெயரைவிட முக்கியமான விஷயம் ஒன்று இந்த நாவலில் இருக்கிறது. ஆறு பாகங்களில் கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். பிறகு ஏன் விடாமல் படிக்கிறோம்? ஜெயகாந்தனிடம் தீர்மானத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தோம். தஸ்தயேவ்ஸ்கி தீர்மானத்துக்குப் பின்னால் மட்டுமே அத்தனை பக்கம் நடக்கிறார். இங்கே 'வேறு மாதிரி செய்திருந்தால்' என்று கேட்பதில் பயனில்லை. 'செய்தது நான்தான் என்று எந்தப் பக்கத்தில் அவனே ஏற்கிறான்' என்று கேளுங்கள். நான் ஒரு பக்கம் சொல்வேன், நீங்கள் வேறு பக்கம் சொல்வீர்கள். வாக்குவாதம் நன்றாக இருக்கும்.

கேள்விக்கே இடம் தராத நாவல்களும் உண்டு. கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தில் கதாநாயகனைத் தேடாதீர்கள், ஊரே ஆள். அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்க'ளில் சினிமா உலகத்து ஒருவரைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே நாவல் அவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போய்விடும். எரிச்சல் வரும், வரட்டும். யாரை எந்த இடத்தில் விட்டுவிட்டது என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். அந்தப் பட்டியல்தான் அந்த நாவலின் கதைப்போக்கு.

முன்னுரை பற்றியும் ஒரு வார்த்தை. நம் செவ்வியல் பதிப்புகளில் விமர்சகரின் நீண்ட முன்னுரை இருக்கும், பெரும்பாலும் முடிவையும் சொல்லிவிடும். நாவலை முடித்துவிட்டு, உங்கள் நோட்டிலும் ஒரு பக்கமாவது எழுதிவிட்டு, அப்புறம் முன்னுரைக்குப் போங்கள். (இந்தக் கட்டுரையே பல முடிவுகளை உடைத்துவிட்டது. கேள்வி கேட்டவர் பொறுத்துக்கொள்ளவேண்டும்.)

கடைசியாக, தன் ஊகத்தைத் தானே சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்குப் பெருமாள்முருகனைச் சொல்வேன். 2010-இல் வந்த 'மாதொருபாகன்' குழந்தையில்லாத காளியையும் பொன்னாவையும் ஒரு முனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முடிகிறது. காளி அடுத்து என்ன செய்வான் என்பது நம்மிடம் விடப்படுகிறது. அவரே பின்னால் இரண்டு நாவல் எழுதினார், 'ஆலவாயன்' ஒரு விடையிலிருந்து தொடங்குகிறது, 'அர்த்தநாரி' அதற்கு நேர்மாறான விடையிலிருந்து. எது எது என்று சொல்லமாட்டேன். 'மாதொருபாக'னை மூடியதும் அவை இரண்டையும் தொடாமல், காளி என்ன செய்வான் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் முதல் நாவலின் பக்க எண் போடவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பக்க எண் போட முடியாத வாக்கியம் காளியைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. அதை அடிக்கவேண்டாம், வேறு மையில் எழுதி வைத்துக்கொண்டு மற்ற இரண்டு நாவலையும் எடுங்கள்.